நம் பெயர் யார் கையில்?

(பசறையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமூக வலைத்தளங்களில் நம் அடையாளம், அந்தரங்கம், பாதுகாப்பு ஆகியவை பற்றிப் பேசப் போகிறேன். இது கணினி ஆசிரியர் வகுப்பறையில் சொல்ல வேண்டிய பாடம் என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்கு இது மலையக வரலாற்றின் அடுத்த அத்தியாயமாகவே தெரிகிறது. இருநூறு ஆண்டுகளாக நாம் யார் என்பதை எழுதி வைத்தவர்கள் பிறர். அந்த ஏட்டைப் பூட்டி வைத்தவர்களும் பிறர். இன்று முதல் தடவையாக நம் பெயரும் படமும் தொடர்பும் நம் உள்ளங்கைக்குள் இருக்கின்றன. அவற்றை மறுபடியும் பிறர் கையில் கொடுத்துவிட்டு நிற்கலாகாது. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஏன், எப்படி என்பதை விரித்துச் சொல்கிறேன்.

தகரத் துண்டிலிருந்து அடையாள அட்டைக்கு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் திரட்டியபோது ‘டின் டிக்கட்’ என்றொரு முறை நடைமுறையில் இருந்தது. எந்தத் தோட்டத்துக்கு, எத்தனையாவது ஆள் என்பதைக் காட்டும் குறியும் எண்ணும் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நம் முன்னோர் கடல் கடந்தார்கள். வழிச்செலவு அந்த எண்ணின்படி தோட்டத்துக் கணக்கில் ஏறியது. அந்தத் தகரத்தில் பெயருக்கு இடம் இருக்கவில்லை.

தோட்டத்துக்குள் வந்த பிறகு ‘துண்டு’ வந்தது. இந்தக் கங்காணியின் ஆட்கள் பட்ட கடனைத் தீர்த்தால் அவர்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. அதைக் காட்டித்தான் ஆட்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடிந்தது. சீட்டு கங்காணியின் கையில் இருந்தது. அதில் அடங்கியிருந்த ஆளோ அதைப் படித்ததுகூட இல்லை. 1921இல்தான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதன் பிறகும் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு இருந்தது. அதில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. தந்தை இங்கே பிறந்ததற்குப் பதிவுத்துண்டு வைத்திருந்தவர் தப்பினார். வைத்திராதவர் தாத்தா எந்த ஊர் என்பதற்குச் சான்று தேடி அலைந்தார். 1964 அக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 150,000 பேரின் கணக்கை 1974இல் ஆளுக்குப் பாதியாகத் தீர்த்தார்கள். 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகே நாடற்றவர் என்ற பெயர் நம்மைவிட்டு நீங்கியது.

இன்னொரு வழக்கம் இன்றும் பல தோட்டங்களில் தொடர்கிறது. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன், ஊர் என்று எழுதினால் கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து யார் கை வழியாகவோ வீட்டுக்கு வரும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கடந்த பிறகு கிடைத்த கதையைத் தோட்டத்தில் வளர்ந்த எவரிடம் கேட்டாலும் சொல்வார்.

இதையெல்லாம் பழங்கதையாகச் சொல்லவில்லை. கடிதம் யார் கையில் முதலில் விழுகிறதோ அவருக்கு நம்மீது ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது என்பதை உலகில் நம்மைப் போல் அறிந்தவர்கள் குறைவு. அந்தரங்கம் என்பது வசதியுள்ளவர்களின் ஆசை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மறைக்க ஒன்றுமில்லாத ஏழைக்குத்தான் அது முதலில் தேவைப்படுகிறது. அவனுக்கு எதிராகப் பயன்படுத்த ஒரு தாள் போதும்.

அதற்காக எந்தப் பதிவிலும் சேராமல் ஒதுங்கி இருப்பதும் வழியாகாது. 2014 அக்டோபர் 29 காலை நம் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. உள்ளே எத்தனை பேர் என்ற கேள்விக்கு உடனே விடை கிடைக்கவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், பின்னர் தொகை பல மடங்கு குறைந்தது. பதிவு இருக்க வேண்டும். அது சரியாக இருக்க வேண்டும். அதைப் பார்க்கவும் திருத்தவும், யார் பார்த்தார்கள் என்று கேட்கவும் நமக்கு வழி இருக்க வேண்டும். அடையாளத்தின் பாதுகாப்பு என்று நான் சொல்வது இந்த மூன்றையும்தான்.

ஓர் இலக்கம் எவ்வளவு சொல்லிவிடுகிறது

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்யும் சட்டத்தின் கீழ் 1972 முதல் அடையாள அட்டை வழங்கப்படுகிறது. நம் ஆட்கள் ‘ஐ.சி.’ என்கிறார்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதனுடன் 500 கூட்டப்படும். 85 032 என்று தொடங்கினால் 1985 பெப்ரவரி 1 அன்று பிறந்த ஆண். 85 532 என்றால் அதே நாளில் பிறந்த பெண். கடைசி எழுத்து ‘வி’ என்றால் வாக்காளர், ‘எக்ஸ்’ என்றால் வாக்காளர் அல்லாதவர். வாக்கில்லாமல் ஒரு தலைமுறையைக் கழித்த சமூகத்துக்கு அந்த ஓர் எழுத்தின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. 2016 முதல் இலக்கம் பன்னிரண்டானது, எழுத்து போய்விட்டது. ஆனால் பிறந்த நாளும் பாலும் அதே முறையில் இன்னும் இலக்கத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

இதை ஏன் விளக்குகிறேன்? வங்கிக்கு அழைத்தால் நம்மை யாரென்று உறுதிப்படுத்தக் கேட்பது பெரும்பாலும் பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும்தான். இலக்கத்தைச் சொன்னால் பிறந்த திகதி தானாக வந்துவிடும். அந்த அட்டையை நாம் எங்கெல்லாம் கொடுக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். சிம் வாங்கும்போது, அடகு வைக்கும்போது, குழுக்கடன் எடுக்கும்போது, வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சிக்காரர் கேட்கும்போது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டுக்கும், 2023இல் அஸ்வெசும உதவிக்கும் அதே இலக்கத்தைப் பதிந்தோம். இப்போது பலர் அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். படம் போன இடத்தில் எத்தனை போனில் தங்கியிருக்கிறது என்பதை அனுப்பியவரால் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் பெயரில் இன்னொருவர் சிம் எடுக்க முயல்வதற்கும் கடன் செயலி ஒன்றில் விண்ணப்பம் போடுவதற்கும் அந்தப் படம் ஒரு தொடக்கம்.

நம் சமூகத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், ஒரே ஆளுக்குப் பல எழுத்துக்கூட்டல். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், சிங்களத்தில் பதிந்து தமிழுக்கு மாற்றிய அடையாள அட்டையில் வேறொன்று, சேமலாப நிதிக் கணக்கில் மூன்றாவது. ஊழியர் சேமலாப நிதியைப் பெறப் போகும் வயதானவர்கள் இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருப்பது இதனால்தான். இந்தியாவின் உதவியுடன் கைரேகை, முகம், கருவிழி ஆகியவற்றையும் சேர்த்த டிஜிட்டல் அடையாளத் திட்டம் நாட்டில் நடந்துகொண்டிருக்கிறது. பெயரில் பிழை இருக்கும்போதே கைரேகையை அதனுடன் கட்டிவிட்டால் பிழை நிரந்தரமாகும். ஆகவே வீட்டில் ஒவ்வொருவரின் பத்திரங்களையும் எடுத்து ஒப்பிட்டு இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

அயலில் நடந்ததையும் அறிந்திருப்பது நல்லது. 2018 ஜனவரியில் சண்டிகரின் ‘தி டிரிபியூன்’ செய்தித்தாளின் நிருபர் 500 இந்திய ரூபாய் கொடுத்துச் சில நிமிடங்களில் ஆதார் விவரங்களைப் பார்க்கும் வழியைப் பெற்றார் என்று அந்தப் பத்திரிகை வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டு, 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்திருந்தார்கள். நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைப் பட்டியலில் அந்தரங்கம் இன்னும் வெளிப்படையாக இடம்பெறவில்லை.

லயத்துக்குள் வந்த போன்

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்த வரலாறு நமக்கு. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். தனியாக அழக்கூட இடமில்லாத வாழ்க்கையில் தனியாகப் பேச இடம் கொடுத்தது போன்தான். ஆகவே ‘பிள்ளைகள் கையில் போன் வந்ததால்தான் எல்லாம் கெட்டது’ என்று பேசுபவர்களோடு நான் உடன்பட மாட்டேன். துபாயில் வீட்டு வேலை செய்யும் தாய் தன் மகளின் முகத்தைப் பார்ப்பது அதில்தான். அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்பு போகாது என்பதால் போட்டிம் போன்ற செயலியை எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் பழகிக்கொண்டார்.

கோவிட் காலத்தில் பாடசாலையும் போனுக்குள் வந்தது. 2021இல் இதோ பக்கத்தில் லுணுகலைப் பகுதியில் சிக்னல் பிடிப்பதற்காக மலை உச்சிக் காட்டில் மரத்தின்மேல் குடில் கட்டி, பெரியவர்கள் துணைக்குப் போக, பிள்ளைகள் பாடம் பெற்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. கல்விக்காக நம் ஊவாப் பிள்ளைகள் பட்ட பாடு அது. அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் செய்தியாக்கவில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் வட்ஸ்அப் குழு தொடங்கினோம். குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரியும். பிள்ளையிடம் போன் இல்லாததால் அம்மாவின், அக்காவின், சித்தியின் இலக்கங்கள் குழுவுக்குள் போயின. மறுபக்கத்தில் இருந்தவை மற்றப் பிள்ளைகளின் அண்ணன், மாமா, பக்கத்து வீட்டுக்காரர் போன்கள். பாடம் முடிந்தது, குழுவும் இலக்கங்களும் அப்படியே கிடக்கின்றன. இரவில் தெரியாத இலக்கத்திலிருந்து ‘ஹாய்’ என்று செய்தி வருகிறது என்று பெண்கள் சொல்லும்போது, இலக்கம் எங்கிருந்து போனது என்று தேடினால் பெரும்பாலும் இப்படி ஒரு குழுவில்தான் போய் முடியும். ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். பயன் முடிந்த குழுக்களைக் கலைத்துவிடுங்கள். தகவல் மட்டும் சொல்வதற்கு உறுப்பினர் இலக்கம் ஒருவருக்கொருவர் தெரியாத அறிவிப்பு முறைகளைப் பயன்படுத்துங்கள்.

போனுக்குப் பணம் போடும் ரீலோட் கடையிலிருந்தும் இலக்கம் வெளியே போகலாம். 2017இல் உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகள் சில, பணம் போட வந்த பெண்களின் இலக்கங்களை 50 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை விற்ற விவகாரத்தை ‘ஹிந்துஸ்தான் டைம்ஸ்’ வெளிப்படுத்தியது. கடைக் கொப்பியில் நாமே இலக்கத்தை எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டு, கார்ட் வாங்கிச் சுரண்டிப் போடுவது பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.

அடுத்து, நகரத்துக் கொமினிகேஷன். நம் ஆட்களுக்குப் பெரிய துணை அந்தக் கடை. விண்ணப்பம் நிரப்புவதும் மின்னஞ்சல் திறந்து கொடுப்பதும் பேஸ்புக் கணக்கு தொடங்கித் தருவதும் அங்கேதான். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். கணக்கு தொடங்கும்போது கடவுச்சொல்லை அவரே போடுகிறார், மறந்தால் மீட்பதற்குத் தன் இலக்கத்தைக் கொடுக்கிறார். அப்படியானால் சட்டப்படி கணக்கு உங்களுடையது, நடைமுறையில் அது அவருடையது. துண்டு கங்காணி கையில் இருந்த நிலைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? கணக்கைத் திறந்து தரச் சொல்லுங்கள். வெளியே வந்து மீட்பு இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் உடனே மாற்றிவிடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டத்துத் தலைவரின் பெயரில், வேலை செய்த வீட்டு அம்மாவின் பெயரில் எடுத்த சிம்மைப் பல ஆண்டுகளாகப் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்று வங்கிக் கணக்கும் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் அந்த ஓர் இலக்கத்தில் தொங்குகின்றன. சிம்முக்கு உரியவர் நினைத்தால் புதிய சிம் எடுத்து எல்லாவற்றையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

படமும் பேக் ஐடியும்

பெண்பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டும். கோயில் திருவிழாவில் எடுத்த படம் ஒன்றை எடுத்து, அவளுடைய பெயரிலேயே ஒரு ‘பேக் ஐடி’, அதாவது போலிக் கணக்கு, தொடங்கி, கீழே போன் இலக்கத்தையும் போட்டுவிடுவது இன்று மிக எளிது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு, எடுக்காத படத்தையும் எடுத்ததுபோல் செய்துவிடுகிறார்கள். அந்தப் படம் லயத்துக்கு வந்து சேர்ந்ததும் நம் வீடுகளில் நடப்பது என்ன? முதலில் பிள்ளைக்கு அடி. அடுத்து போன் பறிமுதல். அடுத்து படிப்பு நிற்கிறது. குற்றம் செய்தவன் டவுனில் நிற்கிறான், தண்டனை வீட்டுக்குள் நடக்கிறது. மிரட்டுகிறவன் நம்பியிருப்பது அந்தப் படத்தை அல்ல, நம் வீட்டின் இந்த வழக்கத்தை. அப்பாவிடம் சொன்னால் அடிப்பார் என்ற பயம் இல்லாத பிள்ளையிடம் அவனுடைய மிரட்டல் செல்லாது.

இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறேன். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பான். செய்திகளை அழிக்காதீர்கள், திரையைப் படமெடுத்து, திகதியும் கணக்கின் முகவரியும் தெரியும்படி வையுங்கள். அதன் பிறகு முறையிட்டு முடக்குங்கள். ‘ஸ்டொப் என்சிஐஐ’ என்ற சேவை 2021 முதல் இருக்கிறது. உங்கள் அந்தரங்கப் படத்தை அதற்கு அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்திலிருந்து ஓர் எண் அடையாளம் செய்து அந்த எண் மட்டும் போகும்; பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்ற நிறுவனங்கள் அதே படம் ஏறினால் அந்த எண்ணை வைத்துப் பிடித்துக்கொள்ளும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற சேவை தனியாக உண்டு. பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929, இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101. இந்த மூன்று இலக்கங்களை ஒவ்வொரு பாடசாலையின் அறிவித்தல் பலகையிலும் எழுதி வைக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளிருந்து வரும் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. வட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதி உண்டு. ஒரு நிமிடம் போனை வாங்கிப் பார்த்தவர் அதன் வழியே தன் கணினியில் தெரியும் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்துவிட்டால், அதன் பிறகு உங்கள் செய்தியெல்லாம் அவருடைய கணினியிலும் வரும். கணவன் என்றாலும் காதலன் என்றாலும் சொல்லாமல் அப்படிச் செய்வது களவு. அந்தப் பகுதியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். தெரியாத சாதனம் இருந்தால் வெளியேற்றுங்கள்.

விளையாட்டு உலகத்துப் பெயர்கள்

ஆண்பிள்ளைகளின் உலகம் வேறு. நீர்த்தொட்டிப் பக்கம் நாலைந்து பேர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தால் அங்கே ஃப்ரீ ஃபயரோ பப்ஜியோ ஓடுகிறது. 2017இல் வந்த ஃப்ரீ ஃபயர் விலை குறைந்த போனிலும் ஓடும் என்பதால் தோட்டத்துக்குள் எளிதாக வந்தது. அங்கே தமிழன், சிங்களவன், தோட்டத்தான், டவுன்காரன் என்ற பேதம் கிடையாது. தானே வைத்துக்கொண்ட பெயரோடும் உடையோடும் சிறுவன் ஒரு வீரனாக இறங்குகிறான். லயத்துப் பையன் என்று யாரும் அழைக்காத இடம் அவனுக்கு அது ஒன்றுதான். அந்த விடுதலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அந்த ‘ஐடி’ எதில் கட்டப்பட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலும் பேஸ்புக் அல்லது கூகுள் கணக்கில். நல்ல ஐடியை விற்பதும் வாங்குவதும் பையன்களிடையே நடக்கிறது. விளையாட்டுக்குள் செலவிடும் டயமண்ட் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் முகம் தெரியாத ஆளிடம் கடவுச்சொல்லைக் கொடுக்கிறார்கள். விளையாட்டை மட்டும் விற்றதாக நினைக்கிறான். உண்மையில் தன் பேஸ்புக்கையும், சில வேளை அப்பாவின் கூகுள் கணக்கையும், அதிலுள்ள படங்களையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். குரல் வழியே பேசும் குழுவில் 12 வயதுப் பிள்ளையோடு 30 வயதுக்காரர் நண்பனாகப் பேசிக்கொண்டிருக்க முடியும். பேஸ்புக்கிலேயே கணக்கு வைக்க 13 வயது முடிய வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி. அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக வலைத்தளக் கணக்குகளைத் தடுக்கிறது. நம் ஊரில் தடை போட்டால் பிள்ளைகள் அக்காவின் பிறந்த நாளைக் கொடுத்து உள்ளே போவார்கள். அதனால் அப்பாமாரிடம் ஒன்று கேட்கிறேன். போனைப் பறிப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, ‘யாரோடு விளையாடுகிறாய்?’ என்று கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லத் தயங்கினால் அங்கே பேச்சைத் தொடங்குங்கள்.

பொழுதுபோக்கு வினாக்களும் இப்படித்தான். ‘நீங்கள் எந்த நடிகர் போல?’ என்று கேட்கும் சோதனைகளுக்குப் பேஸ்புக் வழியே உள்ளே போகிறோம். 2018இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் ஓர் ஆளுமைச் சோதனையில் பங்கெடுத்தவர்கள் ஏறத்தாழ 270,000 பேர். அவர்கள் வழியாக, நண்பர்களையும் சேர்த்து, விவரம் அள்ளப்பட்டவர்கள் 8 கோடி 70 இலட்சம் வரை என்று பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. நாம் கவனமில்லாமல் இருந்தால் நம் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களும் பாதிக்கப்படுவார்கள்.

மொழி தெரியாத இடத்தில் கெமரா

நம்மைப் போன்ற சிறுபான்மைக்கு இன்னொரு ஆபத்து உண்டு. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஓர் உணவகத்தில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கூட்டம் ஒன்று சூழ்ந்துகொண்டது. சிங்களம் சரியாகத் தெரியாத தமிழ் பேசும் கடைக்காரர் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் ஆமென்று சொன்னார். அதைப் போனில் பிடித்துப் பரப்பினார்கள். சில நாட்களில் திகனையில் கலவரம் வெடித்தது. அரசாங்கம் மார்ச் 7 அன்று பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. 2019 ஏப்ரல் 25 அன்று, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் தொடர்பாகப் பொலிஸார் வெளியிட்ட தேடப்படுவோர் படங்களில் அமெரிக்காவில் படிக்கும் ஒரு மாணவியின் படம் தவறாக இடம்பெற்றது. பிறகு பிழையைத் திருத்தினார்கள். அதற்குள் அவருக்கு மிரட்டல்கள் போய்ச் சேர்ந்துவிட்டன.

பசறைப் பொலிஸிலும் பதுளை பஸ் நிலையத்திலும் நாமும் மொழி முழுவதும் புரியாமல் நிற்கும் வேளைகள் உண்டு. கெமரா முன்னால் புரியாத கேள்விக்கு ஆமென்று தலையாட்டாதீர்கள். புரியாத வாக்குமூலத்தில் கையெழுத்திடாதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை. அதே நேரத்தில், அடுத்த இனத்தவரின் படம் ஒன்று நம் குழுவுக்கு வந்து ‘இவன்தான் பிள்ளை பிடிக்கிறவன்’ என்று சொன்னால் அதை அனுப்பாமல் நிறுத்துவது நம் கடமை.

சட்டம் எங்கே நிற்கிறது

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி பிறர் கணக்குக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் விவரங்களை வைத்திருக்கும் நிறுவனத்திடம் அவற்றைப் பார்க்கவும் திருத்தவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. தென்னாசியாவில் முந்திக்கொண்டு வந்த சட்டம் என்று பேர் பெற்றது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. மாறாக, 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் விரைந்து வந்தது. ஆள்மாறாட்டத்தையும் அந்தரங்கத் தகவலை வெளியிட்டுத் துன்புறுத்துவதையும் அது தொடுகிறது. எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்ததால், பேச்சுரிமையை நெரிக்கும் சட்டம் என்று ஊடகவியலாளரும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்க்கிறார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. குடிமகனின் விவரத்தைக் காக்கும் சட்டம் காத்திருக்க, குடிமகனின் பேச்சைக் கட்டும் சட்டம் முந்தியது நம் அரசியலின் முன்னுரிமையைக் காட்டுகிறது.

என் வேண்டுகோள்கள்

வட்ஸ்அப்பில் இரண்டு படி உறுதிப்படுத்தலை இன்றிரவே போட்டுக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கத்தை, கேட்பவர் மாமாவின் கணக்காக இருந்தாலும், யாருக்கும் சொல்லாதீர்கள். மாமாவின் கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கலாம். முகப்புப் படத்தைத் தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துங்கள். போனில் நட்சத்திரம், சதுரக்கட்டக் குறி, பூச்சியம், ஆறு, சதுரக்கட்டக் குறி என்று அழுத்தினால் வரும் இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் பொலிஸில் அதைக் கேட்பார்கள். அடையாள அட்டைப் பிரதி கொடுக்கும்போது எதற்காக, என்றைக்கு என்று அதன்மேல் குறுக்காக எழுதிக் கொடுங்கள்.

தொழிற்சங்கங்களுக்கு ஒன்று சொல்வேன். சம்பளத்துக்கும் காணிக்கும் போராடுவதைப் போலவே, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி, தொழிலாளியின் விவரங்களைத் தோட்ட நிர்வாகம் எப்படி வைத்திருக்கிறது என்ற கணக்கு ஆகியவற்றையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது, ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு மாலை நேரம் பெரியவர்களின் போன்களைச் சரிபார்த்துக் கொடுக்கட்டும். இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் அந்தப் பணிக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கினால், இந்தச் சொற்பொழிவு காகிதத்தோடு நிற்காது.

மாணவர்களே, உங்கள் பாட்டன் கழுத்தில் எண் கட்டினார்கள்; அவரால் மறுக்க முடியவில்லை. உங்களால் மறுக்க முடியும். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள், கொடுத்தால் எங்கே போகும் என்று மூன்று கேள்வி கேட்காமல் உங்கள் பெயரையும் படத்தையும் இலக்கத்தையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.